மூன்று ஒயரில் ஓடும் வெளிச்சம்

டிசம்பர் பிறந்தால் நாகமலை புதுக்கோட்டையில் மாடிக் கைப்பிடிச் சுவர்களிலும் வாசல் நிலைகளிலும் நட்சத்திரங்கள் தொங்கத் தொடங்கும். உள்ளே ஒரு பல்பு, வெளியே காகிதத்தில் ஐந்து முனை. நெடுங்காலம் அதுவே போதுமானதாக இருந்தது. கைபேசியில் அமெரிக்க வீடுகளின் கிறிஸ்துமஸ் விளக்குகளைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகளுக்கு இப்போது அது போதவில்லை. பாட்டுக்குத் தகுந்தபடி வீட்டு முகப்பே ஓட வேண்டும், அணைய வேண்டும், நிறம் மாற வேண்டும். பஸ் ஏறி மதுரை டவுனுக்குப் போய் எலக்ட்ரிக்கல் கடையில் கேட்கிறார்கள்: "அண்ணே, ஐந்நூறு பல்பு மாட்டப் போறோம். எவ்வளவு பெரிய கன்ட்ரோலர் வேணும்?"

கடைக்காரர் அலமாரியில் எது இருக்கிறதோ அதை எடுத்துக் கொடுப்பார். அவரைக் குறை சொல்ல முடியாது. பல்பின் எண்ணிக்கையை மட்டும் கேட்டுவிட்டு கன்ட்ரோலரின் அளவைச் சொல்ல யாராலும் ஆகாது. ஐந்நூறு பல்பை ஒரே சுவிட்சில் போட்டு அணைக்கலாம். 1500 தனித்தனிக் கட்டளைகள் கொடுத்தும் ஆட்டலாம். தெரிய வேண்டியது, அந்த ஐந்நூறில் எவையெவை ஒன்றாக எரிந்து ஒன்றாக அணையப் போகின்றன என்பது.

இந்தக் கணக்கு மதுரைக்குப் புதிதல்ல. சித்திரைத் திருவிழாவிலோ ஏதாவது அம்மன் கோவில் பொங்கலிலோ, சவுக்குக் கட்டைகளில் கட்டி, பனைமர உயரத்துக்கு நிறுத்தியிருக்கும் சீரியல் செட் போர்டைப் பார்க்காதவர் இங்கே யாரும் இருக்க மாட்டார்கள். குதிரை வாகனத்தில் அழகர். குதிரை கால் மாற்றி மாற்றிப் பாய்ந்துகொண்டே இருக்கும். பல்புகள் ஆயிரக்கணக்கில். சிப்பு வருவதற்கு முந்தைய காலத்தில் இவ்வகைப் போர்டுகளின் பின்பக்கம் ஒரு மரப்பெட்டி இருக்கும். அதற்குள் சிறு மோட்டார், மோட்டார் சுற்றும் உருளை, உருளையின் மேல் அளவாக வெட்டிப் பதித்த செம்புத் தகடுகள், அவற்றை உரசியபடி வரிசையாகத் தொடுமுனைகள். தகடு தொடும்வரை அந்த ஒயரில் மின்சாரம் ஓடும். தகடு நழுவினால் நிற்கும். கன்ட்ரோலர் என்பது அவ்வளவுதான்.

அந்தப் பெட்டியிலிருந்து எத்தனை ஒயர் வெளியே வருகிறது என்று எண்ணிப் பார்த்தால்தான் விஷயம் புரியும். அழகர், குதிரையின் உடல், குடை எல்லாம் எப்போதும் எரிபவை. அவற்றுக்கு ஒரு ஒயர். கால்கள் மூன்று நிலைகளில் வரையப்பட்டிருந்தால் ஒவ்வொரு நிலைக்கும் ஒன்றாக மூன்று ஒயர். ஆயிரம் பல்பும் நான்கு ஒயருக்குள் அடக்கம். சேர்ந்தே எரிந்து சேர்ந்தே அணையும் பல்புகளின் கூட்டம்தான் ஒரு சேனல். கன்ட்ரோலரின் அளவு என்று விளக்குக்காரர்கள் பேசுவது இந்தச் சேனல்களின் எண்ணிக்கையை.

போர்டைச் சுற்றி ஓரத்தில் ஓடுமே ஒரு விளக்கு வரிசை, அது இன்னும் சுவாரசியமானது. நூற்றுக்கணக்கான பல்புகள் எறும்புச் சாரை போல ஒரே திசையில் நகர்கின்றன. எந்தப் பல்பும் நகரவில்லை என்பது நமக்குத் தெரியும். ஆனாலும் நகர்வதைப் பார்க்காமல் இருக்க முடியாது. இதற்கு எத்தனை சேனல் தேவை? மூன்றே மூன்று.

பல்புகளுக்கு வரிசையாக 1, 2, 3, 1, 2, 3 என்று எண் கொடுங்கள். 1 என்று எண்ணிட்டவை எல்லாம் ஒரு ஒயர், 2 எல்லாம் இன்னொரு ஒயர், 3 எல்லாம் மூன்றாவது. ஒன்றை அணைத்து இரண்டை ஏற்றும்போது, புதிதாக எரியும் பல்பு, அணைந்த பல்புக்கு வலப்பக்கம் ஒரு பல்பு தள்ளி இருக்கிறது. இடப்பக்கம் பார்த்தால் இரண்டு பல்பு தள்ளி இருக்கிறது. கண்ணுக்கு ஒரு வழக்கம் உண்டு. அருகில் இருப்பதோடுதான் அது முடிச்சுப் போடும். ஆகவே வெளிச்சம் வலப்பக்கம் ஓடியதாகத் தீர்ப்புச் சொல்லிவிடுகிறது. 3, 2, 1 என்று வரிசையைத் திருப்பினால் இடப்பக்கம் ஓடும். சிக்கனம் பார்த்து இரண்டே ஒயரில் இதைச் செய்ய முடியுமா? முடியாது. 1, 2, 1, 2 என்று இருந்தால் அணைந்த பல்புக்கு இரு பக்கமும் சம தூரத்தில் புதிய வெளிச்சம். எந்தப் பக்கம் போயிற்று என்று கண்ணுக்குப் பிடிபடாது, வெறுமனே மின்னும். நான்கு ஒயர் இருந்தால் ஓட்டம் கொஞ்சம் வழவழப்பாக இருக்கும். அதற்கு மேல் ஒயர் கூட்டினால் செலவுதான் கூடும்.

கண்ணின் இந்த வழக்கத்தை அளந்து பார்த்தவர் மேக்ஸ் வெர்தைமர் என்ற உளவியலாளர். 1910ல் ரயிலில் போய்க்கொண்டிருந்தவர் பாதி வழியில் பிராங்க்ஃபர்ட்டில் இறங்கி, கடையில் பொம்மை ஸ்ட்ரோபோஸ்கோப் ஒன்று வாங்கிக்கொண்டு விடுதி அறையில் உட்கார்ந்துவிட்டார் என்று சொல்வார்கள். அவர் 1912ல் வெளியிட்ட ஆய்வு, உளவியலில் கெஸ்டால்ட் என்ற ஒரு பள்ளியையே தொடங்கி வைத்தது. இரண்டு கோடுகளை அடுத்தடுத்துக் காட்டினார். இடைவெளி ஏறக்குறைய 200 மில்லிவினாடியாக இருந்தால் ஒன்றுக்குப் பின் ஒன்றாகத் தெரிந்தது. 30 மில்லிவினாடியாகக் குறைத்தால் இரண்டும் ஒன்றாகவே இருப்பதுபோல் தெரிந்தது. 60 மில்லிவினாடி அளவில் ஒரே கோடு நகர்ந்து போவதாகத் தெரிந்தது. வெளிச்சத்தின் அளவு, கோடுகளுக்கு நடுவே உள்ள தூரம் ஆகியவற்றுக்கேற்ப இந்த எண்கள் சற்று முன்பின் ஆகும். நமக்கு வேண்டியது அந்த 60ஐச் சுற்றிய பகுதி. பல்புக்குப் பல்பு பத்து சென்டிமீட்டர் வைத்து 60 மில்லிவினாடிக்கு ஒரு பல்பு என்று ஓட்டினால் வெளிச்சம் மணிக்கு ஆறு கிலோமீட்டர் வேகத்தில், அதாவது ஒரு மனிதரின் வேக நடையில் போகும். அதைவிடக் கொஞ்சம் மெதுவாக ஓடவிடுவதே வீட்டு முகப்புக்கு அழகு என்பது என் ரசனை. வேகம் கூடினால் கடைத்தெரு விளம்பரப் பலகை ஆகிவிடுகிறது.

மின்விளக்குக் கிறிஸ்துமஸ் மரத்தின் கதையே இந்த உருளையில்தான் தொடங்குகிறது. எடிசனின் கூட்டாளி எட்வர்ட் ஜான்சன் 1882 டிசம்பர் 22 அன்று தன் நியூயார்க் வீட்டில் வைத்த மரத்தில் சிவப்பு, வெள்ளை, நீலம் என 80 பல்புகள். அது சும்மா எரியவில்லை. நிமிடத்துக்கு ஆறு சுற்று சுற்றியபடி, சுற்றுக்கு ஒருமுறை அணைந்து எரிந்தது. இரண்டு ஆண்டு கழித்து அவர் வைத்த 120 பல்பு மரத்தில் அடிப்பக்கம் செம்புப் பட்டைகள் இருந்தன. மரம் திரும்பத் திரும்ப, ஒரு கூட்டம் அணைந்து மறு கூட்டம் எரியும். ஆக முதல் மின்சாரக் கிறிஸ்துமஸ் மரத்துக்குப் பிறகுதான் ஆடும் மரம் வந்தது என்று நினைத்தால் தவறு; முதல் மரமே ஆடியது. கொழும்பில் தெமட்டகொடையிலும் தொட்டலங்கையிலும் வெசாக் காலத்தில் எழுப்பப்படும் பிரம்மாண்டமான மின் தோரணங்களும், மேற்கு வங்காளத்தின் சந்தன்நகரில் ஜகத்தாத்ரி பூஜைக்குச் செய்யும் விளக்குச் சித்திரங்களும் இதே உருளை வித்தையில் வளர்ந்தவைதான். சந்தன்நகரின் ஸ்ரீதர் தாஸ் இந்தக் கலையில் பெரிய பெயர்.

அமெரிக்காவில் உருளையின் இடத்துக்குக் கணினி வந்தது. ஒஹாயோ மாநிலத்தின் மேசன் நகரில் கார்சன் வில்லியம்ஸ் என்ற பொறியாளர் 2004ல் தன் வீட்டு விளக்குகளை டிரான்ஸ்-சைபீரியன் ஆர்கெஸ்ட்ராவின் இசைக்கு ஆட வைத்தார். அந்த வீடியோ அடுத்த ஆண்டு உலகமெங்கும் பரவியது. பார்ப்பவர்கள் வியந்தது அவரிடமிருந்த சுமார் 16,000 பல்புகளை. நான் வியப்பது அவை எத்தனை சேனல் என்பதில். வெறும் 88. சராசரியாகச் சேனலுக்கு 180 பல்பு. ஒரு புதரின் எல்லாப் பல்பும் ஒரு சேனல், ஒரு ஜன்னல் ஒரு சேனல். 88 என்பது ஒரு பியானோவில் உள்ள கட்டைகளின் எண்ணிக்கையும்கூட. தற்செயல்தான், ஆனால் பொருத்தமான தற்செயல்.

அவருடைய கன்ட்ரோலர்கள் 120 வோல்ட் மெயின் மின்சாரத்தையே நேராக வெட்டி ஒட்டுபவை. நம்மூரில் அந்த வழியில் போகாதீர்கள் என்பேன். காரணம் 230 வோல்ட் மட்டுமல்ல. இங்கே கடையில் விற்கும் எல்இடி சீரியல் செட்டில் பெரும்பாலும் எட்டு வகையாக மின்னும் சிறிய பச்சைப் பெட்டி ஒன்று தொங்கும். அதுவே ஒரு கன்ட்ரோலர். அதற்கு மேல் நீங்கள் இன்னொரு கன்ட்ரோலர் போட்டால் இரண்டும் ஆளுக்கொரு பக்கம் இழுக்கும். ஒளியை மெல்ல ஏற்றி இறக்கவும் முடியாது.

சிலர் எட்டு ரிலே பொருத்திய நீலப் பலகையை ஆர்டுயினோ என்ற சிறு கணினிப் பலகையோடு இணைத்து, எட்டுச் சேனல் கன்ட்ரோலர் தயார் என்கிறார்கள். டக் டக் என்ற சத்தம் முதல் நாள் ரசிக்கும்படி இருக்கும். அந்த வகை ரிலேக்களின் தரவுத்தாள் முழுச் சுமையில் ஒரு லட்சம் இயக்கங்கள் என்று ஆயுள் குறிக்கிறது. வினாடிக்கு இரண்டு முறை அடித்தால் 50,000 வினாடி, பதினான்கு மணி நேரத்துக்கும் குறைவு. சின்னச் சீரியல் செட் முழுச் சுமை ஆகாது என்பதால் உண்மையில் கூடுதலாகவே உழைக்கும். ஆனாலும் டிசம்பர் முழுவதும் பாட்டுக்கு ஆட அது பிறக்கவில்லை. தண்ணீர் மோட்டாருக்குப் பிறந்தது.

எஞ்சியிருப்பது பிக்சல். மதுரைக் கோவில் போர்டுகளிலேயே இப்போது உருளையைக் காண்பது அரிது. பல்புக்கு ஒரு சிப்பு வந்துவிட்டது. டபிள்யூஎஸ்2811 என்பது அதில் பரவலான சிப்பு. வரிசையாகக் கோத்த ஒவ்வொரு பிக்சலிலும் சிவப்பு, பச்சை, நீலம் மூன்று. ஒவ்வொன்றுக்கும் 256 படிகள். மூன்று ஒயர்தான் வரிசை முழுக்க ஓடும்: பிளஸ், மைனஸ், நடுவில் டேட்டா. கன்ட்ரோலர் எல்லாப் பிக்சலுக்குமான நிறங்களை நீளமான ஒரே சரமாக அனுப்பும். பந்தியில் வாழையிலைக் கட்டை முதல் ஆளிடம் கொடுத்தால் தனக்கொன்று உருவிக்கொண்டு மீதியை அடுத்தவருக்குத் தள்ளுவதுபோல, முதல் சிப்பு முதல் 24 பிட்டைத் தனக்கு எடுத்துக்கொண்டு மீதியை அடுத்த சிப்புக்குத் தள்ளும். யாருக்கும் முகவரி தேவையில்லை. வரிசையில் நிற்கும் இடமே முகவரி.

இந்த ஏற்பாட்டின் எல்லையும் அதற்குள்ளேயே இருக்கிறது. ஒரு பிட் அனுப்ப 1.25 மைக்ரோவினாடி. 24 பிட்டுக்கு 30 மைக்ரோவினாடி. ஒரு பிக்சலுக்கு அற்பம். ஆயிரம் பிக்சலுக்கு 30 மில்லிவினாடி. வெர்தைமரின் 60 இங்கே மறுபடியும் வேலைக்கு வருகிறது. கண் நகர்வாகப் பார்க்கும் அடிகளைத் தடுமாறாமல் கொடுக்க வேண்டுமென்றால் குறைந்தது 50 மில்லிவினாடிக்கு ஒருமுறை, அதாவது வினாடிக்கு 20 முறை புதுப் படம் போக வேண்டும். நிறம் மெல்லக் கரைவது, பாட்டின் தாளத்துக்குச் சரியாக அடிப்பது போன்றவற்றுக்கு 25 மில்லிவினாடி, வினாடிக்கு 40 படம் நல்லது. 25 மில்லிவினாடியில் ஒரு டேட்டா ஒயரில் 800 பிக்சலுக்குச் சற்று மேல் போகும். 50 மில்லிவினாடி என்றால் 1600க்குச் சற்று மேல். நம்மூர்க் கடைகளில் அதிகம் கிடைக்கும் டி-1000எஸ் என்ற மெமரி கார்டு கன்ட்ரோலரில் 2048 பிக்சல் வரை ஓட்டலாம் என்று போட்டிருக்கும். பொய்யில்லை. ஆனால் 2048ஐயும் ஒரே ஒயரில் மாட்டினால் ஒரு படம் போகவே 61 மில்லிவினாடி; வினாடிக்குப் பதினாறு படம்தான் தேறும். பெட்டியில் அச்சிட்ட எண் மாட்டக்கூடிய அளவு. அழகாக ஓடக்கூடிய அளவு அதற்குக் கீழே எங்கோ இருக்கிறது.

இனி ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். தேனி ரோட்டிலிருந்து உள்ளே பிரியும் தெரு ஒன்றில், முப்பதடி முகப்புள்ள மாடி வீடு. மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவர் ஒன்பது மீட்டர். பத்து சென்டிமீட்டருக்கு ஒன்று வீதம் 90 பிக்சல். இரண்டு ஜன்னல்களைச் சுற்றி ஐம்பது ஐம்பதாக 100. வாசல் நிலைக்கு 50. மாடியில் ஒரு நட்சத்திரம், ஒன்றுக்குள் ஒன்றாக மூன்று சுற்று, 60. கம்பத்தின் உச்சியிலிருந்து எட்டுச் சரங்களைக் கூம்பாக இறக்கிக் கட்டிய மரத்துக்குச் சரத்துக்கு 25 வீதம் 200. கூட்டினால் சரியாக 500. பிக்சலுக்கு மூன்று நிறம், ஆகவே 1500 சேனல். மேடை விளக்குகளுக்காக 1986ல் வகுக்கப்பட்ட டிஎம்எக்ஸ்512 என்ற பழைய மொழியில் ஒரு தொகுதிக்கு 512 சேனல்தான். அதாவது 170 பிக்சல். அந்தக் கணக்கில் இந்த வீட்டுக்கு மூன்று தொகுதி வேண்டும். கன்ட்ரோலர் விளம்பரங்களில் "யூனிவர்ஸ்" என்று காண்பது இந்தத் தொகுதியைத்தான்.

அதே வீட்டைப் பழைய சீரியல் செட்காரர் ஒருவரிடம் கொடுத்துப் பாருங்கள். கைப்பிடிச் சுவரில் ஓட்டத்துக்கு மூன்று ஒயர். ஜன்னல்களுக்கு இரண்டு. வாசலுக்கு ஒன்று. நட்சத்திரத்தின் மூன்று சுற்றுக்கு மூன்று. மரத்துக்கு ஆறு. கிறிஸ்துமஸ் குடில் வைத்தால் அதற்கு ஒன்று. மொத்தம் பதினாறு சேனலில் வேலையை முடித்துவிடுவார், தெருவில் போகிறவர்கள் நின்று பார்ப்பார்கள்.

முதல் வருடம் மாட்டுகிறவருக்கு நான் சொல்வது இதுதான்: 1500 சேனல் வாங்குங்கள், பதினாறு சேனலாக யோசியுங்கள். மூன்று நிமிடப் பாட்டுக்கு வினாடிக்கு 40 படம் என்றால் 7200 படம். 1500 சேனலோடு பெருக்கினால் ஒரு கோடியே எட்டு லட்சம் எண்கள். மெமரி கார்டுக்கு இது 10.8 எம்பி; கல்யாண வீடியோவின் ஒரு துணுக்குக்குக்கூடக் காணாது. மனிதருக்கோ அது கடல். எக்ஸ்லைட்ஸ் போன்ற இலவச மென்பொருள்களில் பிக்சல்களைக் கூட்டம் கூட்டமாகப் பெயரிட்டுக் கட்டி, "கைப்பிடிச் சுவர் இடமிருந்து வலம் ஓடு" என்று ஒரே கட்டளையாகப் போட வசதி இருக்கிறது. அந்தக் கூட்டங்கள் பதினாறுக்குள் இருந்தால், டிசம்பருக்குள் ஒரு பாட்டை உருப்படியாக முடிக்கலாம். இரண்டாயிரம் பிக்சலோடு தொடங்கியவர்கள் பலரும் கடைசியில் எல்லாவற்றையும் வானவில்லாக ஓடவிட்டுத் திருப்திப்படுவதைப் பார்த்திருக்கிறேன். வானவில் அழகுதான். அதற்கு அவ்வளவு செலவு தேவையில்லை.

500 பிக்சலுக்கு ஒரு ஒயர் போதும் என்று மேலே பார்த்த கணக்கு சொல்கிறது. 15 மில்லிவினாடிதான் ஆகும். ஆனாலும் நான்கு போர்ட் உள்ள கன்ட்ரோலரையே வாங்கச் சொல்வேன். டேட்டா கைமாறிப் போவதால், நடுவில் ஒரு சிப்பு செத்தால் அதற்குப் பின்னால் உள்ளவை அனைத்தும் இருண்டுவிடும். ஒரே வரிசையில் 500 இருந்து ஐந்தாவது பிக்சல் போனால் வீடே போயிற்று. சுவருக்கு ஒன்று, ஜன்னல்களுக்கும் வாசலுக்கும் ஒன்று, மரத்துக்கு ஒன்று என்று பிரித்தால் பழுது ஓரிடத்தோடு நிற்கும். நட்சத்திரத்தை வாசல் வரிசையோடு சேர்த்துவிட்டு நான்காவது போர்ட்டைக் காலியாக விடுங்கள். கிறிஸ்துமஸுக்கு இரண்டு நாள் இருக்கும்போது வீட்டில் யாராவது கேட்டுக்கும் விளக்கு கேட்பார்கள்.

இஎஸ்பி32 என்ற சிப்பில் இயங்கும், டபிள்யூஎல்இடி என்ற இலவச மென்பொருள் ஏற்றிய சிறு பலகை இந்த அளவுக்குத் தாராளமாகப் போதும், கைபேசியிலிருந்தே இயக்கலாம். பழைய ஆர்டுயினோ உனோ வீட்டில் கிடக்கிறதே என்று எடுக்க வேண்டாம். அதன் நினைவகம் 2048 பைட். பிக்சலுக்கு மூன்று பைட் வீதம் 500 பிக்சலே 1500ஐ விழுங்கிவிடும்; பாட்டுக்கும் மற்ற வேலைக்கும் மூச்சுவிட இடமிருக்காது. இன்னொன்று, இஎஸ்பி32 டேட்டாவை 3.3 வோல்ட்டில் அனுப்புகிறது. 5 வோல்ட்டில் ஓடும் சிப்பு 3.5 வோல்ட்டுக்கு மேல் வந்தால்தான் அதை நிச்சயமாக "ஒன்று" என்று எடுத்துக்கொள்ளும். நடுவே வோல்டேஜை உயர்த்திக் கொடுக்கும் சில ரூபாய் ஐசி இல்லாவிட்டால், மேசையில் ஒழுங்காக ஓடியது மாடியில் பைத்தியம் பிடித்ததுபோல மின்னும். அந்த ஐசி பொருத்தியே வரும் பலகையாகப் பார்த்து வாங்குங்கள்.

எல்லோரும் கன்ட்ரோலரின் அளவைக் கேட்கிறார்கள். பணத்தையும் யோசனையையும் தின்பது எஸ்எம்பிஎஸ் எனப்படும் பவர் சப்ளையும் ஒயரும்தான். ஒரு பிக்சல் முழு வெள்ளையில் சுமார் 60 மில்லிஆம்பியர் இழுக்கும். நூறு பிக்சலுக்கு 6 ஆம்பியர். சப்ளை பெட்டியிலிருந்து மாடிக்குப் பத்து மீட்டர் தூரம், 0.75 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர் என்று வைப்போம். அந்த ஒயருக்கு மீட்டருக்கு 0.026 ஓம். போக வர இருபது மீட்டர், 0.52 ஓம். அதில் 6 ஆம்பியர் ஓடினால் வழியிலேயே 3 வோல்ட்டுக்கு மேல் கரைந்துவிடும். 5 வோல்ட் சப்ளை என்றால் மாடிக்குப் போய்ச் சேர்வது 2 வோல்ட்டுக்கும் குறைவு. நீலம் முதலில் சாகும், பிறகு பச்சை. வெள்ளை கேட்டால் மங்கிய சிவப்பு கிடைக்கும்.

12 வோல்ட் பிக்சலில் அதே 6 ஆம்பியர்தான், அதே 3 வோல்ட்தான் கரையும். ஆனால் மீதி 9 வோல்ட் இருக்கிறது. எல்இடிக்கு வேண்டியது 3 சொச்சம். பார்த்தால் வீண்செலவு: ஒரு எல்இடியை எரிக்க 12 வோல்ட் கொடுத்து, மிச்சத்தை ரெசிஸ்டரில் சூடாக்கி வீசுகிறோம். அந்த வீண்செலவு வாங்கித் தருவது தூரத்தை. வீட்டு முகப்புக்கு 12 வோல்ட் பிக்சலே சரி. குடிலுக்குள், மேசை மேல், கையடக்கமான இடங்களில் 5 வோல்ட்.

ஒளியைப் பாதிக்குமேல் ஏற்றவே வேண்டாம். தெருவிளக்கு மங்கலாக உள்ள புறநகர்த் தெருவில் பிக்சலின் முழு வெளிச்சம் கண்ணைக் குத்தும். மென்பொருளில் 50 சதவீதத்தை உச்சவரம்பாக வைத்தால் 500 பிக்சலும் முழு வெள்ளையில் 15 ஆம்பியர், 12 வோல்ட்டில் 180 வாட். 12 வோல்ட் 30 ஆம்பியர் எஸ்எம்பிஎஸ் ஒன்று அலட்டிக்கொள்ளாமல் தரும். இழப்பையும் சேர்த்தால்கூட மாலை நான்கு மணி நேரம் ஓட ஒரு யூனிட்டுக்குள் அடங்கும். மேசன் நகரின் 16,000 பழைய குண்டு பல்புகளை அரை வாட் வீதம் கணக்கிட்டால் 8 கிலோவாட். ஒருமுனை இணைப்புள்ள நம் வீடு திணறிப்போகும்.

12 வோல்ட் ஷாக் அடிக்காது. அதனால் ஆபத்தில்லை என்று பொருளல்ல. ஷார்ட் ஆனால் 30 ஆம்பியரும் ஒரு மெல்லிய ஒயரில் பாய்ந்து அதைச் சிவக்கச் சூடாக்கும். போர்ட்டுக்கு ஒன்றாக, அதன் சுமைக்கேற்ற ஃபியூஸ் போட வேண்டும்; கார், பைக் கடைகளில் கிடைக்கும் பிளேடு ஃபியூஸே போதும். எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் நுழையும் பக்கம் 230 வோல்ட். வடகிழக்குப் பருவமழை டிசம்பரிலும் மதுரைப் பக்கம் திடீரென்று ஓர் இரவு வந்து போகும். பெட்டியைத் தரையில் வைக்காமல் சுவரில் ஏற்றி மாட்டி, ஒயர்கள் எல்லாம் அடிப்பக்கமாக நுழையும்படி செய்து, எர்த் கொடுத்து, 30 மில்லிஆம்பியர் கசிவிலேயே துண்டிக்கும் ஆர்சிசிபி வழியாக இணைப்பு எடுப்பது கட்டாயம். இந்த ஒரு வேலைக்கு மட்டும் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

பாட்டு விஷயத்தில் அமெரிக்க வழி இங்கே நடக்காது. அங்கே வீட்டிலிருந்து சிறிய எஃப்எம் அலையில் பாட்டை அனுப்புவார்கள். தெருவில் கார்களில் இருப்பவர்கள் ரேடியோவில் கேட்பார்கள். நம் நாட்டில் உரிமம் இல்லாமல் அப்படி ஒலிபரப்ப முடியாது, ஸ்பீக்கர்தான் வழி. 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள்படி இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கி கூடாது. மாநில அரசு சில விழா நாட்களுக்கு நள்ளிரவு வரை தளர்வு தரலாம். அதை நம்பித் திட்டமிடக் கூடாது. ஆகவே கன்ட்ரோலரின் நேர அட்டவணையில் இரண்டு நிகழ்ச்சி போட வேண்டியிருக்கும். ஏழு மணியிலிருந்து பத்து வரை பாட்டோடு ஒன்று. பத்துக்கு மேல், நள்ளிரவுத் திருப்பலிக்குப் போய்வருபவர்களுக்காக, சத்தமில்லாமல் கைப்பிடிச் சுவரில் மட்டும் 150 மில்லிவினாடிக்கு ஒரு பல்பு நகரும் அந்த மூன்று சேனல் ஓட்டம். ஒளி பத்து சதவீதம். எதிர்வீட்டு ஜன்னலுக்கும் அது இடைஞ்சலாக இருக்காது.